தேசிக்காய்ச் சனிக்கிழமைகள்

அன்புராசா ஒரு பஸ்ஸை வெளியே எடுப்பதற்கு முன்னால் அதைச் சுற்றி இரண்டு தரம் நடப்பான். முதல் சுற்று சட்டத்துக்காக. ரயர், விளக்கு, கண்ணாடி, அவசரக் கதவு என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பான். இரண்டாவது சுற்று தனக்காக. அதில் எதையும் குறிப்பாகப் பார்க்கமாட்டான். உள்ளங்கையைப் பஸ்ஸின் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்ல நடந்து வருவான், அவ்வளவுதான். மற்றச் சாரதிகள் அதைக் கண்டு சிரிப்பார்கள். சிரித்தவர்களில் தூணில் முட்டாதவர் இல்லை, பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்காதவர் இல்லை. இத்தனை வருடமாக அந்தக் கம்பனியில் ஒரு கீறல்கூட விழுத்தாமல் ஓடினவன் அவன் ஒருவன்தான்.

கம்பனி நவரட்ணத்தினுடையது. ஸ்காபரோவின் வடக்கே, பழைய தொழிற்சாலைகளுக்கு நடுவில், சில பஸ்கள் நிற்கக்கூடிய ஒரு முற்றமும் அதன் மூலையில் ஒரு சின்ன அலுவலகமும். கசினோவுக்குப் போகும் வயோதிபர்கள், கோயில் யாத்திரைக்காரர்கள், கலியாண வீட்டுக்காரர்கள் என்று கிடைக்கிற ஓட்டமெல்லாம் ஓடும். அன்புராசா கனடாவுக்கு வந்து, இங்கிலிஷ் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்ற காலத்தில், அவனைக் கூட்டிப்போய்ப் பஸ் கழுவ விட்டவர் நவரட்ணம். பெரிய பஸ் ஓட்டுவதற்கு லைசென்ஸ் எடுக்க வைத்தவரும் அவர்தான். அவன் மூன்று தரம் பெயிலான பிறகும், நாலாம் தரம் தன்னுடைய காரிலேயே ஏற்றிப்போய், சோதனை முடியும்வரை வெளியில் குளிரில் நின்றவர். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதற்கும் அன்புராசா ஏலாது என்று சொன்னதில்லை. அப்படி ஒரு சொல் இருக்கிறது என்பதையே அவன் அந்த முற்றத்துக்கு வெளியில் விட்டுவிட்டு வந்தவன் போலத்தான் இருந்தான்.

அவனுக்கென்று மிஞ்சியிருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். மனைவி அன்ரனெற்றும் அவனும் பிரிந்துவிட்டார்கள். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. அவன் றோட்டிலேயே இருந்தான், அவள் வீட்டிலேயே இருந்தாள், ஒருநாள் இருவருக்கும் அது போதும் என்றாகிவிட்டது. மகள் நிலாணி தாயோடு ஸ்ரௌவ்வில்லில் இருந்தாள். அவன் வோபர்னில் அக்கா வீட்டின் கீழ்த்தளப் பேஸ்மன்றுக்கு வந்துவிட்டான். சனி காலையிலிருந்து மாலைவரை பிள்ளை தகப்பனோடு என்று நீதிமன்றம் சொன்னது. ஞாயிற்றுக்கிழமையில் கேட்க வழியில்லை. அன்ரனெற் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறு என்றால் பூசை, ஞானோபதேச வகுப்பு, அது முடிய அம்மம்மா வீட்டுச் சாப்பாடு. இதை அறிந்தவுடன் நவரட்ணமே கூப்பிட்டு, இனிமேல் சனி உனக்கு லீவு என்று சொல்லிவிட்டார்.

நிலாணிக்குப் பதினொரு வயது. முகத்துக்கு முகம் பார்த்து எதையாவது கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போனைப் பார்ப்பாள். ஆனால் காரில், பக்கத்து இருக்கையில், இருவரும் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் வாய் ஓயாது. எந்த ரீச்சர் யாரைத் திட்டினா, யார் யாரோடு கதைக்கிறதில்லை, தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் எப்படி இருக்கும் என்று எல்லாம் வரும். அதற்காகவே அன்புராசா நீச்சல் குளத்துக்கு நீண்ட வழியாகப் போவான். அவள் நீந்தும்போது கரையிலுள்ள வாங்கில் குந்தி, அவளுடைய துவாயை மடியில் வைத்துக்கொண்டு இருப்பான்.

ஆகஸ்ட் கடைசியில் நவரட்ணத்துக்கு ஒரு புது ஓட்டம் கிடைத்தது. பிரையர் கல்லூரியின் ஃபுட்போல் அணி. காலால் உருட்டுகிற பந்து இல்லை. தலைக்கவசமும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு ஆளை ஆள் இடித்து விழுத்துகிற விளையாட்டு. கல்லூரிக்குச் சொந்தமாக நல்ல மைதானம் இல்லாதபடியால் உள்ளூர் ஆட்டங்களுக்கும் பஸ் வேண்டும். ஆட்டங்கள் எல்லாம் சனிக்கிழமை. நவரட்ணம் இதற்காகவே புதுப் பஸ் ஒன்று எடுத்திருந்தார். முதல் ஓட்டத்துக்கு மட்டும் அன்புராசா போகட்டும், புது வண்டியை வேறு யாரிடமும் கொடுக்கப் பயமாக இருக்கிறது என்றார். ஒரு சனிதானே என்று அவனும் சம்மதித்தான். வாட்டர்லூவுக்குப் போய் வரவேண்டும்.

புது வாகனம் முதல் பயணம் போகிறது என்றால் நாவூறு படாமல் இருக்கவும் விபத்து வராமல் இருக்கவும் சில்லுக்கு ஒன்றாகத் தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், வைத்து, அதை நசித்துக்கொண்டு வண்டியை எடுப்பது வழக்கம். அன்புராசா கல்லூரி வாசலில் நாலு தேசிக்காய்களை வைத்தான். யாரும் பார்க்காத நேரம் என்று நினைத்துத்தான் வைத்தான். நிமிர்ந்தபோது பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு கூட்டமே யன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. என்ன இது என்று கேட்டார்கள். பாதுகாப்புக்கு என்று சொன்னான். அந்த அணியில் ஒரேயொரு தமிழ்ப் பிள்ளை இருந்தான். வினோதன் என்று பெயர், றூஜ் பக்கம் வீடு, கதவுக்குள் நுழைய முதல் தோளைத் திருப்ப வேண்டிய உடம்பு. அவன் எழுந்து நின்று, இது ஐயாயிரம் வருடப் பழைய சடங்கு, எங்கள் அரசர்கள் போருக்குப் போகுமுன் இதைத்தான் செய்தார்கள் என்று மற்றவர்களுக்கு இங்கிலிஷில் அளந்து விட்டான். அவன் வாயில் அப்போது வந்த கதைதான் அது.

போன வருடம் முழுவதும் ஓர் ஆட்டம்கூட வெல்லாத அணி அன்றைக்கு வென்றது.

அடுத்த சனி அன்ட்ரூ என்ற இன்னொரு தமிழ்ச் சாரதி அவர்களை ஏற்றிக்கொண்டு போனான். அணி தோற்றது. அதற்கு அடுத்த புதன்கிழமை கல்லூரியிலிருந்து நவரட்ணத்துக்கு அழைப்பு வந்தது. முதல் நாள் வந்த சாரதியை அனுப்ப முடியுமா, பிள்ளைகள் அவரைக் கேட்கிறார்கள் என்றார்கள்.

அன்புராசா தனக்கு ஏலாது என்று சொல்லப் போனான். வாயில் வந்தது, “பாப்பம் அண்ணை” என்பதுதான்.

“பாக்க என்ன கிடக்கு?” என்றார் நவரட்ணம். “இந்த ஒரு சனி. முதல் வருசமடா தம்பி. அவங்கட மனம் கோணாமல் நடந்தால் நாலு வருசக் கொன்ராக்ற். பேந்து நீ ஒரு மாசம் லீவு எடு, ஆர் கேக்கிறது?”

அந்தச் சனி அவன் தேசிக்காய் கொண்டு போகவில்லை. பஸ் இப்போது புதிதில்லை; ஒருமுறை வைத்தால் முடிந்தது. ஆனால் கல்லூரி வாசலில் வினோதன் ஒரு பை நிறையத் தேசிக்காயோடு நின்றான். சுற்றிவர எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அன்புராசா குனிந்து நாலு சில்லுக்கும் வைத்தான். அன்றைக்கும் வென்றார்கள். திரும்பி வரும்போது அணித் தலைவன், செம்பட்டை முடி, நெடிய பையன், இறங்குமுன் அன்புராசாவின் மொட்டைத் தலையில் உள்ளங்கையை வைத்து ஒரு தடவு தடவிவிட்டுப் போனான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் தடவினான். கடைசியில் வந்தவன்வரை தடவினார்கள்.

பொய் சொல்லக்கூடாது, அன்றைக்கு அன்புராசாவுக்கு அது பிடித்திருந்தது. இவ்வளவு காலம் அவன் ஏற்றி இறக்கியவர்களில் பாதிப்பேர் அவன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. இரவு அக்காவிடம் சாப்பிட்டுக்கொண்டே சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

அப்படித்தான் அது பூட்டிக்கொண்டது. ஒரு சனி இரண்டாகி, இரண்டு எல்லாச் சனிகளுமாகிவிட்டது. தேசிக்காய் வாங்கி வருவதும் அவன் வேலையாகிவிட்டது. ஒவ்வொரு கிழமையும் நவரட்ணம் வெள்ளி மாலைவரை, வேறு ஒழுங்கு செய்ய முயற்சிக்கிறேன் என்பார். அதை நம்பி அவன் நிலாணியிடம், பாப்பம் அம்மா, பெரும்பாலும் வருவன் என்பான். வெள்ளி இரவு ஏலாது என்று செய்தி அனுப்புவான். அவளிடமிருந்து ஒரு பெருவிரல் படம் வரும். முதலில் அழுகிற முகம் வந்தது. பிறகு பெருவிரல்தான்.

கம்பனியில் அன்ட்ரூ அவனுக்குத் தேசிக்காய் ஐயர் என்று பெயர் வைத்துவிட்டான். காலையில் முற்றத்துக்குள் வரும்போதே, “விலகுங்கோ, விலகுங்கோ, ஐயர் வாறார்” என்று குரல் கொடுப்பான். மற்றவர்கள் கும்பிடுவார்கள். அவனும் சிரிப்பான். சிரிக்காவிட்டால் இன்னும் கூட்டுவார்கள்.

அணியின் பயிற்றுநர் டொனலி அமைதியான கிழவர். ஒருநாள் மைதானத்துக்கு வெளியே பஸ்ஸில் தனியாக இருந்த அன்புராசாவிடம் வந்து, போனில் ஒரு பழைய படத்தைக் காட்டினார். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினோராம் ஆண்டு இதே கல்லூரியின் அணி. தடித்த கம்பளிச் சட்டை போட்ட இளைஞர்கள் இரண்டு வரிசையில் நின்றார்கள். அந்த வருடம் அவர்கள் இரண்டாவது ஆட்டத்தில் மட்டும் தோற்று மற்றதெல்லாம் வென்றார்களாம். அதற்குப் பிறகு அப்படி ஒரு வருடம் கல்லூரிக்கு வாய்க்கவில்லையாம். இப்போதும் இரண்டாவது ஆட்டம் மட்டும்தான் தோல்வி. டொனலி படத்தைப் பெருப்பித்து ஓரத்தைக் காட்டினார். அங்கே தொப்பி போட்ட ஒருவன் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அணியை ரயில் நிலையத்துக்கு வண்டியில் ஏற்றிப்போனவனாம். பெயர் எங்கும் இல்லையாம். அவர்களும் அந்த வருடம் முழுக்கச் சாரதியை மாற்றவில்லை என்று பிள்ளைகள் நம்புகிறார்கள் என்று சொல்லிவிட்டு, தான் அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை, ஆனால் பிள்ளைகளின் மனத்தைக் குழப்ப விரும்பவில்லை என்றார்.

அவர் போன பிறகு அன்புராசா அந்தக் குதிரைக்காரனைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வீட்டில் யார் இருந்திருப்பார்கள், சனிக்கிழமை எப்போது வருவாய் என்று அவனை யாரும் கேட்டார்களா என்று யோசித்தான். வெளியில் மழை. மைதானத்திலிருந்து ஆரவாரம் வந்தது. ஆரவாரம் எந்தப் பக்கத்துக்கு என்று தெரியாமல் ஒரு கணம் அவன் மனம் மற்றப் பக்கத்துக்கு வேண்டிக்கொண்டது. உடனே தன்னை எண்ணிக் கூச்சப்பட்டான்.

ஒக்டோபர் நடுவில் ஓர் ஆட்டம் ஸ்காபரோவிலேயே நடந்தது. பஸ்ஸில் அணியைத் தவிர வேறு யாரையும் ஏற்றக்கூடாது என்பது கல்லூரியின் விதி. ஆனால் மைதான வாசலில் நிற்கிற பஸ்ஸுக்குப் பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போகலாம்தானே என்று அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அன்ரனெற்றைக் கேட்டான். அவள் கொண்டுவந்து இறக்கினாள். நிலாணி சாரதிக்குப் பக்கத்துப் படியில் குந்திக்கொண்டாள். அவன் ஹீற்றரைப் போட்டு, வாங்கி வைத்திருந்த ரோல்ஸைத் தின்னக் கொடுத்தான். இருவரும் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் கதைக்கத் தொடங்கினாள். நீச்சல் ரீச்சர் தன்னைக் கழகத்தில் சேரச் சொல்லுகிறார், பட்டர்ஃபிளை நீச்சலில் தான்தான் வகுப்பில் வேகம் என்று சொன்னாள். அன்புராசாவுக்கு மூச்சு இலகுவாக வந்தது. கிழமைக்கணக்கில் உடுத்தியிருந்த இறுக்கமான சட்டையின் கழுத்துப் பொத்தான் கழன்றது போல இருந்தது.

அப்போது ஆட்டம் முடிந்து அவர்கள் வந்தார்கள். வென்றிருந்தார்கள். முதலாவதாக ஏறின செம்பட்டைத் தலைவன் பழக்கத்தின்படி மொட்டைத் தலையில் கையை வைத்துத் தடவினான். அடுத்தவன் ஈரக் கையால் இரண்டு தட்டுத் தட்டினான். ஒருவன் குனிந்து தலையில் முத்தமே கொடுத்தான். எல்லாரும் சிரித்தார்கள், அன்புராசாவும் சிரித்தான். வினோதன் மட்டும் நிலாணியைக் கண்டுவிட்டு, தலையைத் தொடாமல் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு பின்னால் போனான்.

நிலாணி எழுந்து இறங்கினாள். அன்புராசா பின்னாலேயே இறங்கினான். தாயின் கார் இன்னும் வரவில்லை. இருவரும் மழைத்தூறலில் நின்றார்கள்.

“அப்பா,” என்றாள் அவள், அவனைப் பார்க்காமல். “அவங்கள் உங்களை நாய்க்குட்டி மாதிரித் தடவுறாங்கள்.”

“அது சும்மா பகிடி, அம்மா.”

“நீங்களும் சிரிக்கிறீங்கள்.”

கார் வந்தது, அவள் போய்விட்டாள். திரும்பி ஏறி இருக்கையில் இருந்தபோது தலை இன்னும் ஈரமாக இருந்தது. கைலேஞ்சியால் துடைத்தான். பிறகும் துடைத்தான்.

அரையிறுதி கிங்ஸ்ரனில். அன்றைக்கு அவன் ஒரு முடிவோடுதான் போனான். தேசிக்காய் வைப்பதில்லை. வைக்காமல் போய், அவர்கள் தோற்றால் எல்லாம் அன்றோடு முடியும். வென்றால் தேசிக்காய்க்கும் ஆட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தெரிந்துவிடும். இரண்டும் நல்லதுதான். வினோதனிடம், இன்றைக்கு மறந்துபோனேன், கடையும் திறக்கவில்லை என்றான். அந்தச் செய்தி இருக்கை இருக்கையாகப் பின்னால் போனது. பஸ் அப்படியே அடங்கிவிட்டது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எல்லாரும் முன்னால் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்புராசா கியருக்குக் கையைக் கொண்டுபோனான். வெளியே மழை சாய்ந்து அடித்தது. 401 நெடுஞ்சாலையில் காலையிலேயே இரண்டு விபத்து என்று ரேடியோ சொல்லியிருந்தது. கண்ணாடியில் பின்னால் இருந்த முகங்களைப் பார்த்தான். உடம்புதான் பெரிது, முகங்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகம். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு தாய் இருக்கிறாள். அவர்களுக்கு அது ஆட்டத்துக்கு. அவனுக்கு அது றோட்டுக்கு. வைத்துப் பழகிவிட்ட ஒன்றை வைக்காமல், இந்த மழையில், இத்தனை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எப்படிப் போவது? கை கியரில் இருந்தது, ஆனால் அசைய மறுத்தது.

இறங்கினான். மறந்துபோனேன் என்று சொன்னவனின் ஜக்கற் பையில் நாலு தேசிக்காயும் இருந்தன. ஒவ்வொரு சில்லாகப் போய் வைத்தான். பஸ்ஸுக்குள் கூரை கிழிகிற மாதிரிக் கத்தினார்கள். நனைந்து ஏறி வந்தவனை வினோதன் குனிந்து பார்த்து, “அங்கிள், நீங்க பயங்கர ஆள். எங்களுக்கு ஹார்ட் அற்றாக்கே வந்திருக்கும்” என்றான். விளையாட்டுக் காட்டுவதற்காகச் செய்தான் என்றே அவர்கள் நினைத்தார்கள்.

கிங்ஸ்ரனிலும் வென்றார்கள். அடுத்த சனி ஒட்டாவாவில் இறுதி. அதற்கு வெள்ளிக்கிழமையே புறப்பட வேண்டும்.

திங்கள் மாலை அன்ரனெற் அழைத்தாள். வரும் சனிக்கிழமை நிலாணிக்கு முதல் நீச்சல் போட்டி, அதில் நன்றாக நீந்தினால் கழகத்தில் எடுப்பார்கள் என்றாள். கழகத்துப் பயிற்சி சனி காலைகளில். அது தகப்பனுடைய நாள் என்றபடியால் இவ்வளவு நாளும் தான் சம்மதிக்கவில்லை என்றாள்.

“இந்தச் சனியும் நீங்கள் வராட்டி நான் லோயரிட்டச் சொல்லிச் சனியை மாத்திறன்,” என்றாள். “கோவத்தில சொல்லேல்லை, அன்பு. வெள்ளி இரவு நீங்கள் ஏலாதெண்டு போட்டாலும், சனி விடிய எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு யன்னலடியில நிக்குது பிள்ளை. ஒருவேளை வந்தாலும் எண்டு. அதைப் பாக்கிறது நான்தானே.”

“பாப்பம்” என்று அவன் வாய் தொடங்கியது. அவள் போனை வைத்துவிட்டாள்.

இரண்டு நாட்கள் அன்புராசா நடமாடினானே தவிர எதிலும் இல்லை. ஏலாது என்று நவரட்ணத்திடம் சொன்னால் அது என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தான். அவர் தன்னைத் தூக்கிவிட்ட ஒவ்வொரு நாளும் ஞாபகம் வந்தது. போனால் என்ன ஆகும் என்றும் எண்ணிப் பார்த்தான். அக்கா கீழே இறங்கி வந்தபோது, சாப்பாட்டுத் தட்டு தொடாதபடியே இருந்தது. வியாழன் காலை, யாரும் வர முன்னர், அலுவலகத்துக்குப் போனான்.

நவரட்ணம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும், ஒட்டாவாவில் நல்ல ஹோட்டல் போட்டிருக்கிறார்கள், உனக்குத் தனி அறை என்று தொடங்கினார்.

“அண்ணை, நான் போகேல்லை.”

அவர் கோப்பையை வைத்தார். “விளங்கேல்லை.”

“சனி பிள்ளைக்கு நீச்சல் போட்டி. நான் அங்க போறன்.”

“தம்பி, இவ்வளவு தூரம் கொண்டுவந்திட்டுக் கடைசி நாளில விடுறதே? அவங்கள் வெண்டால் நாலு வருசம். எத்தினை குடும்பம் இதில சாப்பிடுது எண்டு யோசிச்சனியே?” கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, “அந்தச் சனியை உனக்குத் தந்ததே நான்தானே” என்றார்.

“ஓம் அண்ணை. நீங்கள்தான் தந்தனீங்கள்,” என்றான் அன்புராசா. “நீங்கள் தந்ததைத்தான் இப்ப திருப்பிக் கேக்கிறன்.”

நவரட்ணம் நெடுநேரம் முற்றத்துப் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அன்ட்ரூ போவான் என்றார். இனிமேல் அன்புராசா கசினோ இரவு ஓட்டத்தைப் பார்க்கட்டும், பகலில் கொடுக்கத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. வினோதன் போனில் அழைத்தான். அங்கிள், நீங்கள் வராவிட்டால் போய்ஸ் எல்லாம் உடைந்துபோவார்கள் என்றான். தலையைத் தடவுவதை நிறுத்தச் சொல்லுகிறேன், அதுதான் காரணமென்றால் என்றான். அதுவல்ல என்று அன்புராசா சொன்னான். தேசிக்காயை அன்ட்ரூவிடம் கொடுத்திருக்கிறேன், எப்படி வைப்பது என்றும் சொல்லியிருக்கிறேன், றோட்டுக்கு அது போதும் என்றான். பிள்ளையின் போட்டி என்று சொன்னதும் வினோதன், “ஷீ பெற்றர் வின், அங்கிள். அவ வெல்லத்தான் வேணும்” என்றான்.

நிலாணி வெல்லவில்லை. எட்டுப் பேரில் ஐந்தாவதாக வந்தாள். ஆனால் அவள் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி, பார்வையாளர் வாங்குகளை ஒரு தரம் முழுக்கத் தேடி, தகப்பனைக் கண்டதும் நீந்திக் களைத்த முகத்தில் வந்த அந்த ஒன்றை அன்புராசா வேறு எதற்கும் மாற்றிக்கொள்ளமாட்டான். பிறகும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள், அவன் எழுந்து போய்விடவில்லை என்று நிச்சயப்படுத்துகிற மாதிரி. ஐந்தாவதுதான் என்றாலும் அவளுடைய நேரம் கழகத்துக்குப் போதும் என்று ரீச்சர் வந்து சொன்னார்.

அவள் உடுப்பு மாற்றப் போனபோது அவன் போனை எடுத்தான். வினோதன் எழுதியிருந்தான். கடைசி உதை வெளியே போய்விட்டது, மூன்று புள்ளியில் தோற்றோம். அதற்குக் கீழே செம்பட்டைத் தலைவன் இங்கிலிஷில் ஒரு வரி போட்டிருந்தான். அங்கிள் இல்லை, வெற்றியும் இல்லை. படித்தவுடன் அன்புராசாவின் நெஞ்சு கனத்தது. கனத்ததுக்குள்ளே ஓர் இனிப்பும் இருந்தது. நான் போகாதபடியால்தான் தோற்றார்கள். நான் இல்லாமல் அவர்களால் முடியவில்லை. அந்த இனிப்பை அவன் நாவில் வைத்துக்கொண்டே காருக்குப் போனான்.

நிலாணி ஈரத் தலையோடு பக்கத்தில் ஏறினாள். கார் புறப்பட்டு இரண்டு சந்தி தாண்டியது. இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்கட ரீம் வெண்டதா, அப்பா?”

“இல்லை. தோத்துப் போச்சினம்.”

அவள் யோசித்தாள். “நீங்க போகாததாலயா?”

அவன் பதில் சொல்லச் சற்றுப் பிந்திவிட்டது. அந்த இடைவெளியை அவள் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப என்னாலயா?”

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அன்புராசா திரும்பி அவளைப் பார்த்தான். பெரிய கண்கள், குளத்துத் தண்ணீரில் சிவந்திருந்தன. தான் எதைக் கையில் வைத்திருந்தான் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை அவன் வைத்திருந்தால் பாரம் முழுக்க இவள் தலையில்தான் இறங்கும். ஒரு பெரிய ஆளாக இருந்த ஆசையை, தான் இல்லாமல் ஆகாது என்ற அந்த இனிப்பை, அவன் அந்தச் சந்தியில் வைத்து விழுங்கினான்.

“இல்லையம்மா. அவங்கட ஆள் அடிச்ச பந்து வெளியால போட்டுது. மற்றவங்கள் நல்லா விளையாடினவங்கள். அவ்வளவுதான்.”

“தேசிக்காய்?”

“தேசிக்காய் அன்ட்ரூ மாமாவும் வைச்சவர். அது றோட்டுக்கு, அம்மா. விளையாட்டுக்கு இல்லை. அப்பா அங்க நிண்டிருந்தாலும் தோத்துத்தான் இருப்பினம்.”

சொல்லி முடித்தபோது அது உண்மை என்று அவனுக்கும் பட்டது. பச்சை விளக்கு எரிந்தது. பிறகு நிலாணி தொடங்கினாள். திரும்புகிற இடத்தில் தன் கால் சுவரில் சரியாகப் படவில்லையாம், பட்டிருந்தால் மூன்றாவதாக வந்திருப்பாளாம், நாலாவது வரிசையில் நீந்தியவள் தொடக்கத்திலேயே களவு செய்தவளாம். கழகத்துப் பயிற்சி காலை ஆறு மணிக்காம், அம்மாவுக்கு இனிச் சனி காலையில் வேலை, யார் கொண்டுபோய் விடுவது என்று தெரியாதாம்.

வெள்ளி இரவு கசினோவிலிருந்து பஸ் முற்றத்துக்கு வரவே விடியற்புறமாகிவிடும். அங்கிருந்து ஸ்ரௌவ்வில்லுக்கு நேரே போனால், நித்திரை கொள்ளாமல் போனால், ஆறு மணிக்குப் பிடிக்கலாம்.

“நான் வந்து ஏத்திறன்” என்றான் அன்புராசா.

அவள் அதைக் கேட்டும் கேட்காதவள் போல, நாலாவது வரிசைக்காரியின் களவை மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். அவன் நீண்ட வழியாக ஓட்டினான்.